பச்சை அட்டை

எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில் பிள்ளையார் படத்துக்கும் குங்குமச் சிமிழுக்கும் இடையே ஒரு வெள்ளி நிற்கிறது. தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் அடைபட்டிருப்பதால் நிற்கிறது. இல்லாவிட்டால் மற்ற நாணயங்களைப் போலப் படுத்துத்தான் கிடந்திருக்கும். உறையின் மேற்பகுதியில் இளம்பச்சை நிறத்தில் ஒரு சிறிய அட்டை. அதில் நாணயத்தின் ஆண்டு, பெயர், தர எண், இன்னும் சில இலக்கங்கள். அந்த உறையை மாற்றுவதா, வேண்டாமா என்று சென்ற ஆண்டு தீபாவளிக்கு முன் மூன்று வாரம் நான் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதப் போகிறேன். மலர்க்குழுத் தோழி என்னிடம் எதிர்பார்த்தது கவிதை. அவள் மன்னிப்பாளாக.

முதலில் 'வெள்ளி' என்ற சொல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து கருத்தரங்குக்கு வந்திருந்த பேராசிரியர் ஒருவரை நாங்கள் வளாகத்துக்கு வெளியே சாப்பிட அழைத்துச் சென்றோம். கடைக்கார அக்காள், "எல்லாம் சேத்து நாப்பத்தாறு வெள்ளி" என்றார். பேராசிரியர் விழித்தார். நாற்பத்தாறு வெள்ளிக்கிழமைகளா என்று அவர் கேட்டது இன்றுவரை எங்கள் துறையில் நகைச்சுவை. ரிங்கிட் என்ற சொல் நமக்குத் தெரியும். பாடநூலிலும் நாளிதழிலும் அதை எழுதுகிறோம். ஆனால் வாய் திறந்து பணத்தைப் பற்றிப் பேசினால் வெள்ளிதான் வருகிறது. சம்பளம் வெள்ளியில், கடன் வெள்ளியில், மொய் வெள்ளியில். உண்மையான வெள்ளி கையில் புழங்கிய காலத்தில் நம் முன்னோர் வைத்த பெயர் அது. உலோகம் போய்க் காகிதம் வந்த பிறகும் பெயர் போகவில்லை.

எங்கள் அலமாரியில் இருப்பது அந்த உண்மையான வெள்ளி. 1899ஆம் ஆண்டு அச்சிட்ட பிரிட்டிஷ் வர்த்தக டாலர். ஏறக்குறைய 27 கிராம் எடை, அதில் 90 விழுக்காடு வெள்ளி. ஆசிய வணிகத்துக்கென்றே 1895இல் தொடங்கி அச்சிட்ட காசு இது. ஹாங்காங்கிலும், பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களிலும் புழங்கியது. ஒரு பக்கம் கையில் திரிசூலமும் கேடயமுமாக நிற்கும் பிரித்தானியா தேவி. பின்னால் கடலில் ஒரு கப்பல். மறுபக்கம் சீன எழுத்திலும் ஜாவி எழுத்திலும் மதிப்பு. திரிசூலத்தின் நடு முனையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் மிகச் சிறிதாக 'பி' என்ற ஆங்கில எழுத்து தெரியும். பம்பாய் அச்சகத்தின் குறி அது.

இந்தியாவில் செய்து, கப்பலில் ஏற்றி, இங்கே இறக்கிய பொருள். அதே ஆண்டுகளில் அதே கடலில் நம் ஆட்களையும் அப்படித்தான் ஏற்றி இறக்கினார்கள். காசில் ஆங்கிலம் இருக்கிறது, சீனம் இருக்கிறது, மலாய் இருக்கிறது, தமிழ் இல்லை. சின்ன வயதில் இது எனக்குப் பெரிய குறையாகத் தெரிந்தது. இப்போது அவ்வளவு இல்லை. எழுத்துத்தான் இல்லை, பெயர் நாம் வைத்ததுதானே.

1903இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கெனத் தனி டாலர் வந்தது. விரைவிலேயே பழைய வர்த்தக டாலர் இங்கே செல்லாக்காசாயிற்று. ஹாங்காங்குக்காக மட்டும் 1935 வரை அச்சிட்டார்கள். ஆகவே எங்கள் குடும்பத்துக்கு இது வந்தபோது இதைக் கொண்டு கடையில் ஒரு படி அரிசி வாங்க முடிந்திருக்காது. எப்படி வந்தது, யார் கொடுத்தார் என்பது பாட்டிக்கும் தெரியாது. அவர் மாமியாரிடமிருந்து, அதாவது என் கொள்ளுப்பாட்டியிடமிருந்து வந்தது; அவ்வளவுதான். கொள்ளுத்தாத்தா ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு இரயில் பாதை போடப் போனவர். திரும்பவில்லை. அந்த மூன்றரை ஆண்டில் வாழைமர நோட்டைத் தகர டின்னில் சேர்த்து வைத்தவர்கள் எல்லாம் 1945இல் அந்த டின்னை அடுப்பில் கொட்டினார்கள். கொள்ளுப்பாட்டி லயத்து வீட்டு அடுப்படியில் புதைத்து வைத்திருந்தது இந்த ஒன்றுதான். தோண்டி எடுத்தபோது கறுத்திருந்ததாம். ஆனால் வெள்ளி வெள்ளிதானே.

உறையின் கதைக்கு வருகிறேன். அது அப்பாவின் கதை.

கோலசிலாங்கூர் பக்கம் நாங்கள் இருந்த தோட்டம் கைமாறியபோது அப்பாவுக்கு இருபத்து மூன்று வயது. கோலாலம்பூரில் தபால்தலையும் பழைய நாணயமும் விற்கும் கடை ஒன்றில் வேன் ஓட்டும் வேலை கிடைத்தது. தவுக்கே நல்ல மனிதர் என்று அப்பா எப்போதும் சொல்வார். 1996இல் மலிவு விலை அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டியிருந்தது. பாட்டியிடம் கெஞ்சி அந்த வெள்ளியை வாங்கிக்கொண்டுபோய்த் தவுக்கேயிடம் விலை கேட்டார் அப்பா. தவுக்கே வாங்கவில்லை. வர்த்தக டாலரில் போலி நிறைய உண்டு; முதலில் இது அசலா என்று பார்ப்போம் என்றார். தம்முடைய நாணயங்கள் சிலவற்றைத் தரம் பார்க்க அப்போது அமெரிக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்; அவற்றோடு இதையும் சேர்த்து அனுப்பினார். கட்டணத்தை அப்பாவிடம் கேட்கவில்லை. அதுதான் அந்த ஆண்டுத் தீபாவளி போனஸ் என்று சொல்லிவிட்டார்.

மாதங்கள் கழித்து நாணயம் பிளாஸ்டிக் உறைக்குள் சீல் வைக்கப்பட்டு, பச்சை அட்டையோடு திரும்பி வந்தது. ஏ.யு. 55 என்று தரம். அதற்குள் அப்பா கூட்டாளிகளிடம் கடன் வாங்கி முன்பணத்தைக் கட்டிவிட்டார். வெள்ளி வீட்டுக்கு வந்தது. கொடுக்கும்போது தவுக்கே விரலை ஆட்டிச் சொன்னாராம்: "ஜாங்ஙான் புக்கா." திறக்காதே. ஒவ்வொரு தீபாவளிக்கும் அப்பா தவுக்கேயின் குரலிலேயே அதைச் சொல்லிக் காட்டுவார். நானும் தம்பியும் உருண்டு சிரிப்போம். 2021 ஆகஸ்டில் கிள்ளான் பள்ளத்தாக்கில் கோவிட் உச்சத்தில் இருந்தபோது அப்பா இறந்துபோனார். நான் அப்போது ஐந்தாம் படிவம்.

சென்ற ஆண்டு தம்பிக்குப் பொலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. மடிக்கணினி வேண்டும். அவன் கேட்ட வகை 1,700 வெள்ளி. அம்மா பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் வேலை செய்கிறார். என் படிப்பு பி.டி.பி.டி.என். கடனில் ஓடுகிறது. அலமாரியைப் பார்த்தபடி அம்மாதான் முதலில் சொன்னார்: "அப்பா இருந்தா இதுக்கு வேணாம்னு சொல்லமாட்டாரு." பாட்டி அப்போது அறையில் இல்லை.

தவுக்கே இப்போது இல்லை. கடையை அவர் மகன் நடத்துகிறார். நான் போனதும் அடையாளம் கண்டுகொண்டார். அப்பாவைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினார். பிறகு உறையைக் கையில் வாங்கி முகத்தைச் சுளித்தார். உறை மேலெல்லாம் கீறல். சாதாரணக் கீறல் அல்ல; வட்ட வட்டமாக, பனிமூட்டம் படிந்த காடிக் கண்ணாடி போல. உள்ளே இருக்கும் பிரித்தானியா தேவி யாரோ போலத் தெரிந்தாள். ஒரு மூலை லேசாக உடைந்துமிருந்தது. நல்ல வேளையாகச் சீல் விடவில்லை.

"அடிக், இப்படியே கொடுத்தால் 900 தருகிறேன். உறையை மாற்றி, தரத்தையும் மறுபடி பார்க்கச் சொன்னால் கூட வரலாம்" என்றார்.

இந்த இடத்தில் தரம் பார்ப்பது என்றால் என்ன என்று விளக்கிவிட வேண்டும். எனக்கே அன்றுதான் முழுதாகப் புரிந்தது. பழைய நாணயம் ஒன்றை விற்பவன் 'மிக நல்லது' என்பான்; வாங்குபவன் 'சுமார்' என்பான். இந்த இழுபறியில் சிக்காத மூன்றாவது ஆள் ஒருவர் தீர்ப்புச் சொன்னால் நல்லதல்லவா? அமெரிக்காவில் பி.சி.ஜி.எஸ். என்ற நிறுவனம் 1986இலும், என்.ஜி.சி. 1987இலும் அந்த வேலையைத் தொடங்கின. நாணயம் அசலா என்று பார்ப்பார்கள். தேய்மானம், கீறல், பளபளப்பு எல்லாம் பார்த்து 1 முதல் 70 வரை ஓர் எண் தருவார்கள். பிறகு பிளாஸ்டிக் உறையில் வைத்து மூடிவிடுவார்கள். உடைக்காமல் திறக்க முடியாது. எழுபது என்ற விசித்திரமான உச்ச எண் வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949இல் பழைய அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காக வகுத்த அளவுகோலிலிருந்து வந்தது. மிக மட்டமான நிலையில் இருக்கும் காசைப் போல எத்தனை மடங்கு விலை பெறும் என்பதுதான் அந்த எண்ணின் முதல் பொருளாம். அந்தக் கணக்கு எப்போதோ பொய்த்துப் போயிற்று. எண் மட்டும் நிலைத்துவிட்டது. 60க்கு மேல் போனால் எம்.எஸ்., அதாவது புழக்கத்தில் தேயாத காசு. 50 முதல் 58 வரை ஏ.யு., ஏறக்குறையத் தேயாதது. எங்களுடையது 55. இன்னும் கொஞ்சம் ஏறினால் வேறு வகுப்பு, வேறு விலை.

பி.சி.ஜி.எஸ். இளம்பச்சை அட்டையை 1998 வரை பயன்படுத்தி, பிறகு நீலத்துக்கு மாறியது. அந்தப் பச்சை அட்டை உறைக்கென்றே இன்று ஒரு கூட்டம் இருக்கிறது. அக்காலத்தில் தரம் பார்த்தவர்கள் கண்டிப்பானவர்கள், அன்றைய 55 இன்றைய 58 என்பது அவர்கள் நம்பிக்கை. எல்லாக் காசுக்கும் இது பொருந்தாது என்று சொல்பவர்களும் உண்டு. ஆனாலும் உறை பழையதாக, திறக்கப்படாமல் இருந்தால் அதற்காகவே கூடக் கொடுத்து வாங்குகிறார்கள். வாங்கியதும் சிலர் முதலில் செய்வது என்ன தெரியுமா? உடைத்து, மறுபடி தரம் பார்க்க அனுப்புவது! ஆகவே ஆண்டுக்கு ஆண்டு பச்சை அட்டைகள் குறைகின்றன. குறையக் குறைய மிச்சமிருப்பவற்றின் மீது ஆசை கூடுகிறது. வேடிக்கையான வியாபாரம்.

கடைக்காரர் எனக்கு மூன்று வழி சொன்னார். ஒன்று, அப்படியே விடுவது. இரண்டு, உறையை மட்டும் மாற்றச் சொல்வது. தரம் 55ஆகவே இருக்கும், தெளிவான புது உறை வரும், ஆனால் பச்சை அட்டை திரும்பி வராது. மூன்று, தரத்தையும் மறுபடி பார்க்கச் சொல்வது. எம்.எஸ். கிடைத்தால் 1,800 தருவதாகச் சொன்னார். அனுப்பும் செலவு, கட்டணம் எல்லாம் சேர்த்து 250. "பச்சை அட்டை மோகமெல்லாம் அமெரிக்கக் காசுக்குத்தான் அதிகம். நம் வாடிக்கையாளர்களுக்குப் புது உறைதான் பிடிக்கும். கைப்பேசியை நீட்டினால் படம் வர வேண்டும், எண் வர வேண்டும். இப்போது உறையைக்கூடப் போலியாகச் செய்கிறானே!" அதுவும் நியாயம்தான்.

நான் படிப்பது கணக்கியல். விடுதிக்குத் திரும்பியதும் தாளை எடுத்தேன். தரம் ஏற ஐம்பது விழுக்காடு வாய்ப்பு, மாறாமலிருக்க நாற்பது, ஏதாவது பிசகி விலை 400க்கு இறங்கப் பத்து என்று வைத்துக்கொண்டேன். பெருக்கிக் கூட்டினால் 1,300. செலவு போக 1,050. அப்படியே விற்பதைவிட 150 வெள்ளி அதிகம். அனுப்புவதுதான் சரி என்று அடியில் இரட்டைக் கோடு போட்டேன். விகிதங்களை எங்கிருந்து பிடித்தேன் என்று கேட்காதீர்கள். விரிவுரையாளர் கேட்டிருந்தால் மதிப்பெண் குறைந்திருக்கும்.

வார இறுதியில் வீட்டுக்குப் போனபோது பாட்டியிடம் பக்குவமாகத்தான் பேச்சை எடுத்தேன். விற்பதைச் சொல்லவில்லை. உறையை மாற்றப் போவதாக மட்டும் சொன்னேன்.

"அத யாருடி மாத்தச் சொன்னா?"

"கோடு கோடா இருக்கு பாட்டி. உள்ள இருக்கறதே தெரியல."

"தெரியலனா தொடைக்கணும். வருசா வருசம் நான் தொடைக்கிறேன்ல?"

"எதால தொடைக்கிறீங்க?"

"இது என்னா கேள்வி? வெள்ளிச் சாமான எதால தொடைப்பாங்க? திருநீறுலதான்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்த வட்ட வட்டக் கீறலெல்லாம் பாட்டியின் விரல்! 1996லிருந்து தீபாவளிக்கு ஒரு முறை, பொங்கலுக்கு ஒரு முறை, பருத்தித் துணியில் விபூதியைத் தொட்டுக் குத்துவிளக்கைத் துலக்கிய கையோடு உறையையும் துலக்கியிருக்கிறார். பிளாஸ்டிக் என்று அவருக்குத் தெரியாமலில்லை. வெள்ளி உள்ளே இருக்கிறது, துலக்காமல் விட்டால் வீட்டுக்கு ஆகாது என்பது அவர் கணக்கு.

சிரித்து முடித்த பிறகுதான் அடுத்த கேள்வி எனக்குத் தோன்றியது. கேட்காமலே இருந்திருக்கலாமோ என்று இப்போதும் நினைப்பதுண்டு.

"உறையில போடறதுக்கு முன்னாடி பாட்டி?"

"முன்னாடியும்தான். எங்க மாமியா காலத்துலேருந்து. மண்ணுலேருந்து எடுத்தப்ப கருப்பா இருந்துச்சாம்ல? தேச்சித் தேச்சித்தான் வெள்ளையாச்சு. நான் கல்யாணமாகி வந்தப்ப மொகம் பாக்கலாம், அப்படி இருந்துச்சு."

நாணயம் சேர்ப்பவர்களின் உலகில் செய்யக்கூடாத காரியம் என்று ஒன்று உண்டானால் அது இதுதான். காசைத் துலக்கக் கூடாது. அழுக்காக இருந்தாலும் கறுத்திருந்தாலும் தொடக் கூடாது. சாம்பல் எவ்வளவு நைசாக இருந்தாலும் உலோகத்தின் மேல் மயிரிழைக் கோடுகளை விடும். அச்சிட்டபோது இருந்த பளபளப்பு ஒரு முறை போனால் போனதுதான். துலக்கிய காசுக்குத் தர நிறுவனங்கள் எண் தருவதில்லை. அசல்தான், ஆனால் துலக்கப்பட்டது என்று அட்டையில் எழுதிவிடுவார்கள். அந்த ஒரு சொல்லுக்குப் பாதி விலை போய்விடும்.

அப்படியானால் 1996இல் எப்படி 55 கிடைத்தது? துலக்கிய வெள்ளியும் சில ஆண்டு கவனிப்பாரில்லாமல் கிடந்தால் மறுபடி மெல்ல நிறம் மாறும். கோடுகளை அந்த நிறம் மூடிவிடும். தோட்டத்தை விட்டு வந்த பிறகு இரண்டு மூன்று ஆண்டு அது மூட்டைக்குள் கிடந்ததாக அம்மா சொன்னார். அந்த நிறம் கோடுகளை மறைத்திருக்கலாம். பார்த்தவர்கள் இந்த அளவு பரவாயில்லை என்று விட்டிருக்கலாம். எதுவாயினும் அந்தத் தீர்ப்பு உறைக்குள் இருக்கும்வரைதான். உறையை உடைத்தால் நாணயம் இன்னொரு முறை தேர்வு எழுத வேண்டும்.

அன்றிரவு தாளைத் திரும்ப எடுத்தேன். ஏறும் வாய்ப்பைப் பத்தாக்கினேன், இறங்கும் வாய்ப்பை அறுபதாக்கினேன். செலவு போக 440 வெள்ளி. இரட்டைக் கோட்டை அடித்தேன்.

கணக்கு அதோடு முடிந்துவிட்டது. உறையை மாற்றக் கூடாது. அப்படியே 900க்கு விற்றுவிட வேண்டியதுதான். அட்டையில் 55 என்று எழுதியிருக்கிறது, எழுதியது நாங்களல்ல. வாங்குபவர் அட்டையைப் பார்த்து வாங்குகிறார். இதில் பொய் எங்கே இருக்கிறது? அம்மாவிடம் கேட்டேன். அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். "கேட்டா சொல்லு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கேக்காட்டி..." என்று இழுத்து, குழாயைத் திறந்துவிட்டார்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்தபோது, 2015 யு.பி.எஸ்.ஆர். தேர்வில், மலாய்மொழிக் கட்டுரைத் தாளில் எனக்கு 'டி'. ஆகவே தேசிய இடைநிலைப்பள்ளியில் ஓராண்டு புகுமுக வகுப்பு. இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அந்த வகுப்பறை தெரிந்திருக்கும். பெரும்பாலும் கட்டடத்தின் கடைசி அறையாக இருக்கும். என்னோடு ஆறாண்டு படித்தவர்கள் முதலாம் படிவத்தில், எங்களுக்கு மேல் மாடியில். எனக்கு மேலும் கீழும் ஒரே கட்டொழுங்கு ஆசிரியர்தான். எங்களைக் கூப்பிடும்போது மட்டும் வகுப்புப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அந்த 'டி'யை நான் பல ஆண்டு யாரிடமும் சொன்னதில்லை. பல்கலைக்கழகத்தில் அறிமுகமாகும்போது வயது கேட்டால், ஓராண்டு எங்கே போனது என்று கேட்டுவிடுவார்களோ என்று பேச்சை மாற்றுவேன். யாரும் கேட்டதில்லை. கேட்காதவரை சொல்லாமலிருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குப் பழக்கமுண்டு. உள்ளே ஓர் உறை இருப்பதைப் போலத்தான் இருக்கும். (நாணயத்தையும் என்னையும் வைத்து இன்னும் நீளமாக ஒப்பிடலாம்தான். தோழி கேட்ட கவிதையாக அது ஆகிவிடும், விட்டுவிடுகிறேன்.)

அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போனேன். போகும் வழியெல்லாம் எல்.ஆர்.டி.யில் ஒத்திகை. அவர் கேட்டால் சொல்வது, கேட்காவிட்டால் பேசாமல் 900ஐ வாங்கிக்கொண்டு வந்துவிடுவது. அவர் கேட்கவில்லை. உறையைப் பெற்றுக்கொண்டு, "அனுப்பலாமா, அப்படியே எடுத்துக்கொள்ளட்டுமா?" என்றார். பண மேசையைத் திறந்துவிட்டார்.

"அங்கிள், என் பாட்டி அதைத் துலக்கியிருக்கிறார்" என்றேன். மலாயில் சொன்னேன். 'டி' வாங்கிய மலாய்.

அவர் உறையைத் திருப்பிப் பார்த்தார். "உறையைத்தானே? அதுதான் தெரிகிறதே."

"இல்லை. காசை. ஐம்பது ஆண்டு."

அவர் ஒன்றும் பேசவில்லை. மேசை விளக்கைப் போட்டு, கண்ணில் உருப்பெருக்கியைச் செருகிக்கொண்டு, உறையை மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். கீறல் விழுந்த பிளாஸ்டிக் வழியாக உள்ளே பார்ப்பது கடினம். பின்பு இழுப்பறையிலிருந்து ஒரு குழாய்ப் பசையை எடுத்தார். காடியின் முன்விளக்குக் கண்ணாடி மங்கிவிட்டால் துலக்குவார்களே, அது. கொஞ்சம் தடவி, மெல்லிய துணியால் தேய்த்தார். ஐந்து நிமிடம் இருக்கும். பனி விலகியது. பிறந்ததிலிருந்து வீட்டில் இருக்கும் நாணயத்தை நான் அன்றுதான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். ஓரமெல்லாம் நீலம் கலந்த சாம்பல் நிறம். நடுவில் தேனில் நனைத்ததுபோல ஒரு மஞ்சள். கப்பலின் பாய்கூடத் தெரிந்தது.

"இருக்கிறது" என்றார். தேவியின் ஆடைக்கு மேலே வெற்றிடத்தில் நுண்ணிய கோடுகள், எல்லாம் ஒரே திசையில். என்னையும் பார்க்கச் சொன்னார். முதலில் எனக்குத் தெரியவில்லை. குறிப்பிட்ட ஒரு கோணத்தில் சாய்த்தபோது பளிச்சென்று வந்தது. சாய்வை மாற்றியதும் மறைந்தது. என் கொள்ளுப்பாட்டியின் கையா, பாட்டியின் கையா என்று கண்டுபிடிக்க வழியில்லை.

"நீ சொல்லாவிட்டால் நான் பார்த்திருக்கமாட்டேன்."

"தெரியும் அங்கிள்."

"இனி நான் 900 கொடுக்க முடியாது. நானும் யாரிடமாவது சொல்லித்தானே விற்க வேண்டும்? 550."

550 குறைவா, நியாயமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. துலக்கியது என்று எழுதப்பட்ட காசுக்கு அது அதிகம். 55 என்று எழுதப்பட்ட காசுக்குக் குறைவு. எங்களுடையது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். சொல்லும்போதே விற்கமாட்டேன் என்று தெரிந்துவிட்டது. 900 என்றால் விற்றிருப்பேன். உறவு, ஞாபகம் என்றெல்லாம் பெரிதாகச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. 350 வெள்ளி வித்தியாசம்தான் காரணம். அதைக் கணக்கியல் மாணவி ஒளிக்கக் கூடாது.

உறையை மாற்றும் பேச்சை அவரும் பிறகு எடுக்கவில்லை. "என் அப்பா இதைப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறாயா?" என்று மட்டும் கேட்டார். தவுக்கே நாற்பது ஆண்டு இந்தத் தொழிலில் இருந்தவர். அனுப்பும் முன் உருப்பெருக்கியில் பார்க்காமலா அனுப்பியிருப்பார்? ஜாங்ஙான் புக்கா என்று அவர் விரலை ஆட்டியது வெறும் எச்சரிக்கையா, அல்லது தெரிந்தே சொன்னதா? நாங்கள் இருவரும் அவரவர் அப்பாவை நினைத்துக்கொண்டு சிறிது நேரம் அந்த மேசையருகே இருந்தோம். பிறகு ஒரு வாடிக்கையாளர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

புறப்படும்போது உறையை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கொடுத்தார். இந்த உறைகளின் அளவுக்கென்றே வரும் பை. ஒன்று ஐம்பது காசு. பாட்டி துலக்கட்டும், பை கீறட்டும், கீறினால் வேறு மாற்றிக்கொள் என்று பத்துப் பை தந்தார். ஐந்து வெள்ளியை நீட்டினேன், வாங்கவில்லை.

தம்பிக்கு மூத்த மாணவர் ஒருவரிடமிருந்து பழைய மடிக்கணினி ஒன்றை 650 வெள்ளிக்கு வாங்கினோம். என் கடன் பணத்தில் மிச்சமிருந்தது கொஞ்சம், அம்மா எடுத்த சீட்டு கொஞ்சம். அதன் மின்கலம் ஒரு மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. அவன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதைச் சொல்லத் தவறுவதில்லை.

தீபாவளிக்கு முதல்நாள் மாலை பாட்டி கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து விளக்குகளைத் துலக்கிக்கொண்டிருந்தார். குத்துவிளக்கு முடிந்தது, காமாட்சி விளக்கு முடிந்தது, பன்னீர்ச் செம்பு முடிந்தது. வெள்ளியை எடுத்துவரச் சொன்னார். பையோடு கொடுத்தேன். திருநீற்றைத் தொட்டுப் பைமேல் இரண்டு சுற்றுத் தேய்த்தவர் நிறுத்திவிட்டு அதை விளக்கொளியில் தூக்கிப் பார்த்தார்.

"ஏன்டி, இது வழுக்குது. ஆனா உள்ள நல்லாத் தெரியுது."

"ஆமா பாட்டி."

"நான் தொடைச்சது" என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் திருநீற்றைத் தொட்டுக்கொண்டார்.